நாற்பத்தைந்து புருவங்கள்

ஜனவரி 20, திங்கள்
சர்க்கரை 168. பிரஷர் 140/90.

நோட்டு கொடுத்த நர்ஸம்மாவுக்கு வணக்கம். அளவை மட்டும் எழுதினால் போதாது, என்ன சாப்பிட்டேன், எங்கே போனேன், மனசில் என்ன ஓடியது எல்லாவற்றையும் எழுதினால்தான் எதனால் ஏறுகிறது என்று தெரியும் என்றீர்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், என் சம்சாரம் தேசம்மாள் எழுதுகிறாள். எட்டாவது படித்தவள். நான் ‘வந்துகினு இருந்தேன்’ என்றால் அவள் ‘வந்துகொண்டிருந்தேன்’ என்று எழுதுகிறாள். கேட்டால், “நர்ஸம்மா சிரிப்பாங்கய்யா” என்கிறாள்.

காலையில் இட்லி நான்கு. இரண்டு என்று சொல்லச் சொல்கிறாள். நான்கு.

பேத்தி மோனிஷாவுக்குக் கல்யாணம். பிப்ரவரி ஒன்பதாம் தேதி வரவேற்பு, பத்தாம் தேதி முகூர்த்தம். அரக்கோணத்தில் எத்தனையோ மண்டபம் இருக்க, நான் வாட்ச்மேனாக இருக்கும் மண்டபத்தில்தான் நடக்க வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிவிட்டாள். வாட்ச்மேன் வேலை இருபத்தொன்பது வருஷமாக. அதற்கு முன்னால், 1977இல், அந்தக் கட்டடத்துக்குக் கம்பி கட்டியவனும் நான்தான். தூண் பதினெட்டு. தூணுக்கு எட்டுக் கம்பி. மேடைக்குக் கீழே ஒரு உத்தரம், அதில் மட்டும் ஆறு கம்பிக்குப் பதில் ஏழு போட்டேன், ஒன்று மிஞ்சிப்போனதால். வாசலுக்கு மேலே பால்கனி, இருபத்திரண்டு அடி நீளம், ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக நாற்பத்தைந்து கம்பி. காகிதம் எதுவும் வேண்டாம். எல்லாம் தலையில் இருக்கிறது.

மனசில் என்ன ஓடியது? சந்தோஷம்தான். வேறு ஒன்றும் இல்லை.

ஜனவரி 22, புதன்
சர்க்கரை 170. பிரஷர் 154/96.

ஊறுகாய் சாப்பிட்டேன். அதனால்தான்.

மண்டபத்து முதலாளி தணிகைவேல் இன்று கூப்பிட்டார். அவர் அப்பா மண்டபம் கட்டியபோது இவர் அரைஞாண் கயிற்றோடு மணல் மேட்டில் சறுக்கிக்கொண்டிருந்த பிள்ளை. இப்போது தொந்தி, மூக்குக்கண்ணாடி.

“கன்னியப்பா, உன் பேத்தி கல்யாணத்துக்கு ஒரு ஷோக்கு பண்ணப்போறேன். பால்கனிய தெறந்துடலாம். அந்தப் பழைய ஓட்டைக் கல்லு செவுத்த எடுத்துட்டு கண்ணாடித் தடுப்பு. பொண்ணு மாப்ள மேல நிக்கறாங்க, கீழேருந்து பூ தூவறாங்க, கேமரா பறக்குது. எப்படி?”

“அங்க குளவிக்கூடு இருக்குது தம்பி.”

“எவ்ளோ பெருசு?”

கையை விரித்துக் காட்டினேன். கொஞ்சம் அதிகமாக விரித்துவிட்டேன் போல. தணிகைவேல் என்னையே பார்த்தார். “அது குளவியா, கழுகா?”

ஜனவரி 23, வியாழன்
பிரஷர் 162/100.

ஊறுகாய் காரணம் இல்லையாம். ஜாடியைத் திங்கட்கிழமையே ஒளித்துவைத்துவிட்டாளாம் தேசம்மாள்.

ஜனவரி 25, சனி
சர்க்கரை 181. பிரஷர் 160/98.

மோனிஷா வீட்டுக்கு வந்தாள். அவளிடம் வாஸ்து சொல்லிப் பார்த்தேன். தென்மேற்குப் பால்கனியில் புதுமணத் தம்பதி நின்றால் மாமியாரோடு சண்டை வரும் என்றேன்.

“தாத்தா, அது கிழக்குப் பாத்த பால்கனி.”

“கிழக்குன்னா மாமனாரோட.”

“மாமனார் துபாய்ல இருக்காரு. சண்டைக்குக்கூட லீவு கெடைக்காது.”

சிரித்துவிட்டேன். என்ன செய்வது, என் பேத்தி. பிறகு பால்கனிக் கதவின் சாவி தொலைந்துபோன விஷயத்தைச் சொன்னேன். 1996இல் தொலைந்தது. ஊருக்கே தெரியும். மோனிஷா என் இடுப்பைப் பார்த்தாள். குழந்தையில் என் மடியில் படுத்துக்கொண்டு அவள் விளையாடிய சாவி அது. என் அரைஞாணில்தான் கட்டியிருக்கிறேன்.

இதைத் தேசம்மாள் எழுதிக்கொண்டே, “எதுக்குய்யா அத கட்டிகினு திரியற?” என்றாள். இடுப்புக்கு இரும்பு நல்லது என்றேன். அதையும் எழுதிவிட்டாள்.

ஜனவரி 26, ஞாயிறு
பிரஷர் 158/96.

பத்திரிகை வைக்கப் போனோம். அடுத்த தெரு முனையில் எத்திராஜ் வீடு. நான் வெளியிலேயே நின்றுவிட்டேன். தேசம்மாள்தான் உள்ளே போய் அவன் சம்சாரத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நர்ஸம்மாவுக்கு எத்திராஜ் யார் என்று சொல்ல வேண்டும். அவனும் நானும் ஜோடியாகக் கம்பி கட்டியவர்கள். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். 1977 ஆனி மாதம் ஒரு புதன்கிழமையிலிருந்து பேச்சு இல்லை. என் கொக்கியைத் திருடிவிட்டான்.

கொக்கி என்றால் கட்டுக்கம்பியை முறுக்கும் கொக்கி. ஒரு சாண் இரும்பு, முனை வளைந்திருக்கும், மறுமுனையில் மரப்பிடி. நானே அடித்து, நானே ராவி, கைக்கு ஏற்றமாதிரி பண்ணிய கொக்கி. வேறு எந்தக் கொக்கியிலும் ஒரு முடிச்சுக்கு மூன்று சுற்று. அதில் இரண்டே சுற்று. பையில் வைத்துவிட்டுப் போனேன், திரும்பி வந்தால் காணோம். எத்திராஜைக் கேட்டேன். “நான் பாக்கல” என்றான். சொல்லும்போது கண் கீழே போனது. திருடன் என்றேன். நாற்பத்தெட்டு வருஷமாக ரேஷன் கடையில் ஒரே வரிசையில் நிற்கிறோம், முதுகை முதுகு பார்த்தபடி.

ஜனவரி 28, செவ்வாய்
சர்க்கரை 190. பிரஷர் 168/102.

தணிகைவேல் ஆசாரியைக் கூட்டிவந்து பூட்டை அறுத்துவிட்டார். குளவிக்கூடு இல்லை. ஒரு புறாதான் இருந்தது. அதுவும் வெட்கப்பட்டுப் போய்விட்டது.

சனிக்கிழமை ரேடார் வருகிறதாம்.

கண்ணாடித் தடுப்பை நிறுத்தப் பால்கனித் தரையில் துளை போட வேண்டும். துளை கம்பியில் பட்டு அறுத்துவிடக் கூடாது. அதனால் உள்ளே கம்பி எங்கெங்கே, எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று ரேடார் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கண்ணாடிக்காரர்கள் கை வைப்பார்களாம்.

“ரேடார்னா கப்பப்படைக்காரங்க வானத்துல பிளேன் பாக்கறது தம்பி. கல்யாண மண்டபத்துக்கு எதுக்கு?” என்றேன்.

“இது தரைக்குள்ள பாக்கறது. நீ ஏன் வேர்க்கற?”

எனக்கு வேர்க்கவில்லை. தை மாதத்தில் யாருக்கு வேர்க்கும்?

நர்ஸம்மா, கையை முன்னால் நீட்டிப் பாருங்கள். அதில் தண்ணீர் வாளியை மாட்டினால் எங்கே இழுக்கிறது? தோளின் மேல்பக்கம். பால்கனியும் சுவரிலிருந்து நீட்டிய கை. அதனால் அதற்குக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கீழே இருந்தால் இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. கம்பி கட்டும்போது மேலேதான் கட்டுவோம். கான்கிரீட் போடும் நாளில்தான் வினை. சித்தாள்கள் பாண்டை, அதுதான் கான்கிரீட் சட்டியை, தூக்கிக்கொண்டு கம்பிமேலேயே நடப்பார்கள். கம்பி மிதிபட்டுக் கீழே உட்கார்ந்துவிடும். அதற்காகவே கம்பிக்காரன் ஒருத்தன் கடைசிப் பாண்டு கொட்டும்வரை வெறுங்காலோடு கூடவே நின்று, மிதிபட்ட கம்பியைக் கொக்கியால் மேலே தூக்கித் தூக்கிவிட வேண்டும். இது எங்கள் தொழிலில் சட்டம்.

அந்தப் புதன்கிழமை பால்கனிக்குக் கான்கிரீட். நிற்க வேண்டிய ஆள் நான்.

மதியம் எனக்கு ஒரு வெளிவேலை இருந்தது.

தேசம்மாள் பேனாவை நிறுத்தி, “இன்னா வேல?” என்றாள். எழுது, கேள்வி கேட்காதே என்றேன். கேட்டதையும் எழுதியிருக்கிறாள் பாருங்கள்.

ஜனவரி 30, வியாழன்
பிரஷர் 170/104. பூண்டு நான்கு பல். பிரயோசனம் இல்லை.

பால்கனியைக் கீழே நின்று பார்த்தேன். 29 வருஷமாகப் பார்க்கிறேன். அதற்கு முன்பு தினமும் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு, பழைய வாட்ச்மேனுக்குப் பீடி கொடுத்துக் கதவைப் பூட்டியே வைக்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போவேன். விரிசல் இல்லை. ஆனால் அதன்மேல் ஆள் ஏறவும் இல்லையே. நான் விட்டால்தானே? பாட்டுக் கச்சேரிக்காரன், சீரியல் லைட் போடுகிறவன், பந்திக்கு இடம் இல்லாமல் இலையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் எல்லாரையும் விரட்டியிருக்கிறேன். ஒரு மந்திரிக்கே கதவைத் திறக்கவில்லை. ‘பால்கனிப் பைத்தியம்’ என்று எனக்குப் பெயர்.

பிப்ரவரி 1, சனி
பிரஷர் காலை 176/106. மாலை 132/84. அடித்துத் திருத்தாதே என்று தேசம்மாளிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையான அளவு.

முதலிலிருந்து சொல்கிறேன். குறுக்கே பேசக் கூடாது.

ரேடார் வந்தது. லாரியில் வரும், மேலே பெரிய தட்டு சுற்றும் என்று நினைத்திருந்தேன். நஸ்ரீன் என்று ஒரு இன்ஜினியர் பெண், தலையில் முக்காடு, அதன்மேல் மஞ்சள் ஹெல்மெட், முதுகுப் பையிலிருந்து எடுத்து வைத்தாள். டிபன் பாக்ஸ் அளவு. நான்கு சக்கரம். மேலே ஒரு சின்ன டிவி. பொம்மைக் கார்!

“இதான் ரேடாரா?”

“இதேதான் ஐயா. அலைய உள்ள அனுப்பும். இரும்புல பட்டா திரும்பி வரும். திரும்பி வர்ற நேரத்த வெச்சி எவ்ளோ ஆழம்னு கணக்குப் போடும்.”

பால்கனிக் கதவு திறந்திருந்தது. தணிகைவேல் உள்ளே போய்விட்டார். போட்டோ எடுக்கும் இடம் பார்க்க மோனிஷாவும் வந்திருந்தாள், அவளும் உள்ளே காலை வைத்துவிட்டாள். நான் வாசற்படியில் நின்றேன். நஸ்ரீன் வண்டியைத் தரையில் வைத்து நகர்த்தப் போகிறாள். இயந்திரம் சொல்லித் தெரிவதைவிட நான் சொல்லித் தெரியட்டும் என்று தோன்றியது.

“பாப்பா, ஒரு நிமிஷம். மோனிஷா, நீ இப்படி வெளிய வாம்மா. தம்பி, நீங்களும். இதுக்குக் கம்பி கீழ இருக்கும். நான்தான் கட்னேன், மேலதான் கட்னேன். ஆனா கான்கிரீட் போடசொல்லோ நான் இங்க இல்ல. தூக்கி உட ஆள் இல்ல. அதான் நாப்பத்தெட்டு வருஷமா யாரையும் ஏற உடல. சாவி இந்தா.”

அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தேன். அவிழ்க்க நேரம் ஆனது, முடிச்சு என்னுடையது அல்லவா. மோனிஷா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

“சரிங்கய்யா. எதுக்கும் பாத்துடலாம்” என்று நஸ்ரீன் படியருகே உட்கார்ந்து, கையை மட்டும் நீட்டி வண்டியைச் சுவரோரமாக ஓட்டினாள்.

டிவியில் சாம்பல் நிறம். அதில் ஒரு வளைவு வந்தது. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. கவிழ்ந்த பிறைமாதிரி, பெண்பிள்ளையின் புருவம்மாதிரி. “ஒவ்வொரு புருவமும் ஒரு கம்பி” என்றாள். நான் எண்ணினேன். எழுதத் தெரியாதே தவிர எண்ணத் தெரியும். ஒன்பது, பத்து. ஆறு அங்குலத்துக்கு ஒன்று. எல்லாம் என் பிள்ளைகள்.

நஸ்ரீன் சிரித்தாள். “ஐயா, மேலதான் இருக்கு.”

“இன்னா மேல?”

“கம்பி. மேல் பூச்சோட சேத்து நாலு சென்டிமீட்டர். எல்லாமே ஒரே மட்டத்துல இருக்கு. நூல் புடிச்சாப்ல.”

நம்பவில்லை. இயந்திரம் பொய் சொல்கிறது என்றேன். அவள் கோபப்படவில்லை. ஒரு புருவத்துக்கு நேராகச் சின்னத் துளை போட்டாள். நாலு சென்டியில் நங்கென்று இரும்பு. அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்வேன்! நாதஸ்வரம் கெட்டது போங்கள்.

கம்பிமேல் எல்லாம் சிவப்புச் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே போனாள். நாற்பத்தைந்து கோடு. பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் நின்றாள். “இங்க என்னமோ ஒண்ணு எக்ஸ்ட்ராவா இருக்கு.” தாயக்கட்டம்போலக் கட்டம் போட்ட தாளை விரித்து, நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்குவாக்கில் ஒரு தடவை வண்டியை ஓட்டினாள். டிவியில் மேலிருந்து பார்க்கிறமாதிரி படம் வந்தது. கோடுகளுக்கு நடுவே, எந்தக் கோட்டோடும் சேராமல், கோணலாக ஒரு துண்டு. ஒரு சாண் நீளம்.

“சின்னத் துண்டு. யாரோ வேஸ்ட் கம்பிய போட்டிருக்காங்க” என்றாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. மோனிஷா தண்ணீர் கொடுத்தாள், அது மூக்கில் ஏறியது. தணிகைவேல் டாக்டரைக் கூப்பிடலாமா என்று கேட்டார்.

இதுவரை சொன்னதைத் தேசம்மாள் எழுதினாள். இப்போது பேனாவை மூடி வைத்துவிட்டாள். அவள் கேட்டதை நானே ஞாபகம் வைத்திருந்து, ஒரு மணி நேரம் கழித்து அவளையே எழுத வைக்கிறேன்.

“ஆனி மாசம் புதன்கிழமைதான நீ குருவராஜப்பேட்டைக்கு என்னப் பொண்ணு பாக்க வந்தே?”

“ஆமா.”

“வெளிவேலன்னு எழுதச் சொன்னியே, அது நானா?”

“மேஸ்திரி லீவு தரலடி. தரகர் வேற நாளு இல்லன்னுட்டாரு. டீ குடிச்சிட்டு வர்றேன்னு போனேன்.”

“டீயா! குருவராஜப்பேட்டைக்கா!” தலையில் அடித்துக்கொண்டாள். “உள்ளங்கையெல்லாம் துரு. செவசெவன்னு இருந்துது. எங்கப்பன் பாத்துட்டு, ‘இன்னாடி, மாப்ள மருதாணி வெச்சிகினு வந்துகிறான்’னு என்னாண்ட கேட்டாரு. அதுல சிரிச்சிட்டேன். சிரிச்சதப் பாத்துட்டு பொண்ணுக்குச் சம்மதம்னு வெத்தல மாத்திட்டாங்க.”

“அப்போ சம்மதம் இல்லியா?”

“இப்ப கேளு!”

அறுபத்தெட்டு வயசில் முந்தானையை வாயில் வைத்துச் சிரிக்கிறாள். நாற்பத்தைந்து கம்பியை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று அவளுக்கு ஒரு பெருமை. எழுதமாட்டேன் என்றாள். எழுதிவிட்டாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு
பிரஷர் பார்க்கவில்லை. நேரம் இல்லை.

எத்திராஜ் தெருக்குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்தான். போய்ப் பக்கத்தில் நின்றேன். முதுகைத் திருப்பினான்.

“கொக்கி கெடச்சிடுச்சி” என்றேன்.

அவன் காது அசைந்தது.

“பதினேழாவது கம்பிக்கும் பதினெட்டுக்கும் நடுவுல. ரேடார்ல பாத்தோம்.”

குடம் நிரம்பி வழிந்தது. அவன் குழாயை மூடவில்லை. “மெஷின்ல தெரியுதா?”

“தெரியுது.”

“புடியுமா?”

“புடி மரம்டா. இரும்பு மட்டும்தான் தெரியும்.”

“த்தூ!” என்றான். “நாப்பத்தெட்டு வருஷம் ஒளிச்சி வெச்சேன். டிபன் பாக்ஸு காட்டிக் குடுத்துடுச்சா?”

பிறகு சொன்னான். அன்று அவன் மண்டபத்தின் பின்னால் தொட்டிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்க முன்பக்கம் வந்தால், பால்கனியில் சித்தாள்கள் கம்பியை மிதித்துத் துவைக்கிறார்கள், என்னைக் காணோம். என் பையிலிருந்து கொக்கியை எடுத்துக்கொண்டு ஏறியவன், கடைசிப் பாண்டு வரை இறங்கவில்லை. ஒரு பாண்டு அவன் முழங்கையில் இடித்தது. கொக்கி விழுந்தது. எடுப்பதற்குள் அதன்மேல் இன்னொரு பாண்டு கொட்டியாகிவிட்டது. மீதிக் கம்பியைக் கையாலேயே தூக்கிவிட்டானாம்.

“அத சொல்றதுக்கு இன்னாடா?”

“கம்பிக்காரன் கொக்கிய கான்கிரீட்டுல உட்டான்னு வெளிய தெரிஞ்சா எந்த சைட்லயாவது தல காட்ட முடியுமா? கொத்தனாருங்க கண்ணாலம் கருமாதி வரைக்கும் சொல்லிச் சிரிப்பானுங்க. அதான் பாக்கலன்னேன். நீ திருடன்னுட்டே.”

“கம்பியத் தூக்கினேன்னாவது சொல்லியிருக்கலாம்ல? நான் இத்தினி வருஷம் தூங்கல.”

“நீ எங்க போனேன்னு நீ சொன்னியா?”

எட்டிக் குழாயை மூடினேன். இரண்டு பேரும் குழாயைப் பார்த்தோம். அப்புறம் யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. ஒருத்தன் தோளை ஒருத்தன் பிடித்துக்கொண்டு கத்தியதைப் பார்த்துத் தெருவில் சண்டை என்று நினைத்து விலக்கிவிட நான்கு பேர் ஓடிவந்தார்கள்.

பிப்ரவரி 6, வியாழன்
பிரஷர் 130/82.

நஸ்ரீனின் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. தணிகைவேல் படித்துக் காட்டினார். பால்கனி நன்றாக இருக்கிறது, ஒரே நேரத்தில் முப்பது பேருக்கு மேல் ஏற வேண்டாம் என்று போட்டிருக்கிறதாம். கண்ணாடி மாட்டிவிட்டார்கள். சிவப்புக் கோடுகளைத் துடைக்கச் சொன்னார். எல்லாவற்றையும் துடைத்தேன். இரண்டை விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சொல்லவே மூச்சு வாங்குகிறது. தேசம்மாள் பட்டுப்புடவையை மாற்றாமல் எழுதுகிறாள்.

வரவேற்பில் பால்கனிக் கதவருகே தணிகைவேலே நின்று ஆட்களை எண்ணி உள்ளே விட்டார். இருபத்தெட்டில் ஒரு சண்டை, இருபத்தொன்பதில் ஒரு சண்டை. பிள்ளைவீட்டுப் பெரியம்மா ஒருத்தியைப் பார்த்து, “இவங்கள ஒண்ணா எண்றதா, ரெண்டா எண்றதா?” என்று கேட்டுவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். மோனிஷாவும் மாப்பிள்ளையும் கண்ணாடி ஓரத்தில் நின்றார்கள். கீழே நஸ்ரீன் எல்லாரையும்விட அதிகமாகப் பூ தூவினாள்.

நான் வாசற்படியில் நின்றேன். எல்லாம் தெரிந்தும் கால் வரவில்லை. நாற்பத்தெட்டு வருஷப் பழக்கம்.

உள்ளே எத்திராஜ். வெள்ளைச் சட்டை, ஜவ்வாது வாசனை. சரியாக அந்த இரண்டு சிவப்புக் கோடுகளுக்கு நடுவில் காலை அகட்டி நின்றுகொண்டு, ஊரே கேட்கிறமாதிரி கத்தினான்.

“யோவ் கன்னியப்பா! உன் கொக்கிய திருப்பிக் குடுக்கறேன், வந்து வாங்கிக்கறியா இல்லியா? இதோ, என் காலுக்குக் கீழ கீது!”

“முப்பதாவது ஆளு நீதான் பெருசு, போ” என்று முதுகில் கைவைத்துத் தள்ளினார் தணிகைவேல்.

செருப்பைக் கழற்றினேன். கம்பிமேல் செருப்போடு ஏறி எனக்குப் பழக்கம் இல்லை. வலது காலை வைத்தேன். தரை சும்மா இருந்தது. இடது காலை வைத்தேன். எத்திராஜுக்குப் பக்கத்தில் போய் நின்று, ஒரு தடவை குதித்தேன். வரவேற்புக்கு வந்திருந்த கண்ணாடிக்காரன் அலறினான். எத்திராஜ் இன்னொரு தடவை குதித்தான். மோனிஷா திரும்பிப் பார்த்து, மாலையோடு, மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு குதித்தாள். காலுக்குக் கீழே என் பிள்ளைகள் நாற்பத்தைந்து பேரும் அசையவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்
சர்க்கரை 243. பிரஷர் 124/80.

சர்க்கரைக்குக் காரணம் ஜாங்கிரி. மூன்று. நேற்று இரண்டு, அதையும் சேர்த்தால் ஐந்து.

நோட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். தேசம்மாள் பிடுங்கிக்கொண்டாள். அளவுகளை மட்டும் வேறு ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்திருக்கிறாள். நர்ஸம்மாவுக்கு அது போதுமாம். இந்த நோட்டைத் தன் புடவைப் பெட்டியில் வைத்துப் பூட்டப் போகிறாளாம்.

சாவியை என் அரைஞாணில் கட்டிக்கொள்ளச் சொல்கிறாள். இடம் காலியாகத்தான் இருக்கிறது.